முக்கால் கட்டை

2024 ஜூன் 3, திங்கள்

ஸ்டுடியோவில் பாடும் அறை ஏசி சொட்டுகிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு "கேஸ் போயிடுச்சு சார்" என்றார். எந்த ஏசியைத் திறந்தாலும் இவர்களுக்குக் கேஸ்தான் போயிருக்கும். மதியம் ஒரு ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் பதிந்தேன். ஆடி பிறக்க இன்னும் ஒன்றரை மாதம் கிடக்கிறது, அதற்குள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

நாலு மணிக்கு மௌலி ஃபோன் செய்தான். பேசி ஆறு வருடம் இருக்கும். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"தணிகா, நம்ம 'ஈரச் சுவர்' திரும்ப வருதுடா! எல்.பி. ரெக்கார்டா போடறாங்க. பெங்களூர் கம்பெனி. ஒரிஜினல் டேப் உங்கிட்டதான இருக்கு?"

தெரியலையே, தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

தேட வேண்டியதே இல்லை. வீட்டுப் பரணில், வலது மூலையில், பழைய துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். மூன்று கேசட்டுகள். இருபத்திரண்டு வருடத்தில் நாலு வீடு மாறிவிட்டோம். பீரோவை லாரியில் ஏற்றிவிட்டு இந்த மூட்டையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போவேன். கல்யாணமான நாளிலிருந்தே பவானி இதைக் கேலி செய்வாள். அப்படிப்பட்டதைத் தெரியவில்லை என்று ஏன் சொன்னேன்?

ஜூன் 4, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஏசி இன்னும் சொட்டுகிறது.

ஜூன் 6, வியாழன்

மௌலி நேரிலேயே வந்துவிட்டான். தலை முழுக்க நரை. ஆனால் குடுமி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு காலத்தில் 'செகண்ட் லைன் பீச்' என்ற ராக் பேண்டின் கிட்டாரிஸ்ட் என்றால் சென்னையில் கல்லூரிப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் முட்டி மோதுவார்கள். அந்த பேண்டில் எல்லாம் ஆங்கிலப் பாட்டு. 2002-இல் இரண்டு மாத இடைவெளியில் அவன் தனியாக, தமிழில் எட்டுப் பாட்டுப் போட்டான். அதுதான் 'ஈரச் சுவர்'. கிட்டார் அவன், பாடியது ஹெப்சிபா, பதிவும் மிக்ஸிங்கும் நான். எனக்கு அதுதான் முதல் ஆல்பம். கவரில் என் பெயர் இல்லை. எனக்கு அந்த மாதிரிப் பேராசையெல்லாம் கிடையாது.

ஐந்நூறு சி.டி. போட்டதில் முந்நூறு அவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இப்போது பார்த்தால் அது யூட்யூபில் பெரிய பெயராகிவிட்டது. மௌலி ஃபோனைத் திறந்து காட்டினான். ஒரு பையன் கிட்டாரை வைத்துக்கொண்டு, "இந்த ஆல்பத்தோடு எந்த வாத்தியமும் சேராது, மௌலி சார் இரண்டு சுருதிகளுக்கு நடுவில் ஒரு ரகசியச் சுருதியில் கிட்டாரைக் கட்டியிருக்கிறார்" என்று பதினெட்டு நிமிடம் விளக்குகிறான். அதற்குக் கீழே மௌலியின் பேட்டி ஒன்று. தெருக்கோயில் மணிக்குத் தக்கபடி தந்தியை இறக்கினானாம்.

"கோயில் மணியா?" என்றேன்.

"கேக்கறாங்கடா, ஏதாவது சொல்லணுமில்ல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

இதை ஒரு முறையாவது எழுதி வைத்துவிடுகிறேன். ரகசியச் சுருதியும் இல்லை, கோயில் மணியும் இல்லை. பதிவு செய்தது ஒரு வாடகை டிஜிட்டல் கேசட் மெஷினில். அதன் வேகம் நாற்பத்தெட்டு, அதாவது நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் ஒலித்துணுக்கு. மிக்ஸ் செய்த என் கம்ப்யூட்டரில் வேகம் நாற்பத்து நாலு. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அதனால் எட்டுப் பாட்டும் நிஜத்தைவிட மெதுவாக ஓடின. மெதுவாக ஓடினால் சுருதி இறங்கும். முக்கால் கட்டை இறங்கியது. ஆர்மோனியத்தில் அரைக் கட்டைக்கு ஒரு ரீட் உண்டு, முக்காலுக்குக் கிடையாது. எந்த வாத்தியமும் சேராததற்கு இதுதான் காரணம்.

அந்தக் கேசட்டைச் சரியான மெஷினில் ஒரு நிமிடம் ஓட்டினால் போதும், யாருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் நான் தொலைந்தேன்.

ஜூன் 8, சனி

பெங்களூர் கம்பெனியிலிருந்து மிருணாளினி என்று ஒரு பெண் பேசினார். மரியாதையான, கறாரான குரல். பழைய கேசட் மெஷின் ஒன்றை அவரே ரிப்பேர் செய்து வைத்திருக்கிறாராம். இருபத்தொன்றாம் தேதி அதைத் தூக்கிக்கொண்டு வருகிறாராம்.

"அவ்வளவு சிரமம் எதுக்கும்மா? நானே ஃபைலா மாத்தி அனுப்பிடறேன்" என்றேன்.

"இல்ல சார், கேசட்டையே என் காதால கேக்கணும். அதுக்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்."

நல்ல தொழில் பார்த்தார்.

ஜூன் 9, ஞாயிறு

பவானி மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் பரணிலிருந்து மூட்டையை இறக்கினேன். பூஞ்சை பிடித்திருக்கக் கூடாதா என்று பிரித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக்கூட இல்லை. நான்தான் வருடா வருடம் சிலிக்கா பொட்டலம் மாற்றி வைக்கிறேனே. இந்த அழகில், குளியலறை ஈரத்தில் பத்து நாள் வைத்தால் கெட்டுவிடுமா என்றும் யோசித்தேன். யோசித்தேன், அவ்வளவுதான்.

ஜூன் 11, செவ்வாய்

மௌலி ஒரு வேலை கொடுத்தான். ஹெப்சிபாவிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். அவன் கேட்டதற்கு மாட்டேன் என்றுவிட்டாளாம். "உன்மேல அவளுக்கு மரியாதை உண்டுடா, நீ போய்ப் பேசு" என்றான்.

ஜூன் 12, புதன்

பெரம்பூர் போனேன். ஹெப்சிபா ரயில்வே ஆபீஸில் வேலை செய்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கு வந்தாள். நாற்பத்தாறு வயது. அதே வேகமான நடை.

"எப்டிண்ணா இருக்கீங்க? மெலிஞ்சிட்டீங்களே" என்று தன் டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சைச் சாதத்தை எனக்கு எடுத்து வைத்தாள். நான் காகிதத்தை நீட்டினேன். அவள் தொடவில்லை.

"என் பாட்ட எடுத்துட்டு, வெறும் கிட்டார மட்டும் போட முடியாதாண்ணா?"

"ஏம்மா?"

"அசிங்கமா இருக்கும்ணா. அப்பவே பேப்பர்ல எழுதினாங்களே, பாடறது பொம்பளையா, தொண்ட கட்டின ஆம்பளையான்னு. ஆபீஸ்ல ஒருத்தர் அதக் கத்தரிச்சு எடுத்துட்டு வந்து காமிச்சாரு."

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"எனக்குக் கோபமெல்லாம் இல்லண்ணா. நம்ம பேசறத டேப்புல கேட்டா யாருக்குமே அது தன்னோட குரல் மாதிரி இருக்காதில்ல? சி.டி.ய மொத தடவ கேக்கறப்ப அப்டித்தான் இருந்துச்சு. சரி, நம்ம காதுக்குத்தான் நல்லாருந்திருக்கு, ஊருக்கு இப்டித்தான் கேட்டிருக்கு, மெஷின் எதுக்குப் பொய் சொல்லப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டேன். அடுத்த வாரமே சர்ச் குயர்ல மேல் குரல்ல இருந்து கீழ் குரலுக்கு மாறிட்டேன். மாஸ்டர் ஏன்னு கேட்டாரு. என் குரல நானே கேட்டுட்டேன் சார்னு சொன்னேன்."

"இப்பவும்?"

"இப்பவும் கீழ்தான். இருபத்திரெண்டு வருசமாச்சு. பழகிடுச்சு."

கையெழுத்து வாங்காமல் வந்துவிட்டேன். மின்சார ரயிலில் வரும்போது எதிரே உட்கார்ந்திருந்தவர் "சார், உடம்பு சரியில்லையா" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் தெரிகிறது போலிருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுக்கவெல்லாம் இல்லை, அடைக்கிறது. பவானி இரண்டு முறை கேட்டுவிட்டாள். அசிடிட்டி என்றேன். மோர் கொடுத்தாள்.

ஜூன் 15, சனி

மௌலியை ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னேன். வந்தவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வேகம் தப்பு, உன் ரகசியச் சுருதி என் கவனக்குறைவு, ஹெப்சியின் குரலை நான்தான் கெடுத்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் டீயை ஊதிக் குடித்தான்.

"எனக்கு அப்பவே தெரியும்டா."

"எப்போ?"

"பேண்ட் டூர் முடிஞ்சு வந்து சி.டி.ய போட்டப்போ, மொதப் பாட்டு ஆரம்பிச்சு பத்து செகண்ட்ல. என் கிட்டார் எனக்குத் தெரியாதா? ஆனா சும்மா மலை மாதிரி இருந்துச்சுடா அந்தச் சவுண்ட். நான் வாசிச்சதவிட நல்லாருந்துச்சு. எதுக்கு மாத்தணும்?"

"ஹெப்சி குரல்?"

"அதுவும் ஒரு கலர்னு நெனச்சேன்."

"அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மௌலி! அவ தன் குரல்ல பாடறதையே விட்டுட்டா!"

என் கத்தலை அந்த அறையின் சுவர்ப் பஞ்சு குடித்துவிட்டது. எத்தனை கத்தினாலும் அங்கே எதிரொலிக்காது. அவன் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தான்.

"நீ ரொம்ப யோக்கியன் மாதிரி பேசாத. நான் கவுஹாத்தில இருந்தப்போ நீதான் ஃபோன் பண்ண. கவர்ல என் பேர் வேணாம், எடுத்துடுன்னு சொன்ன. மொத ஆல்பத்துல எவன்டா பேர் வேணாம்பான்? ஏதோ தன்னடக்கம்னு நெனச்சேன். சி.டி.ய கேட்டப்புறம்தான் புரிஞ்சுது. உனக்கு ரிலீஸுக்கு முன்னாடியே தெரியும்."

அவன் எழுந்துகொண்டான்.

"பழைய வேகத்துலயே மாத்தி, அந்தப் பெங்களூர்ப் பொண்ணுகிட்ட ஃபைலக் குடு. கேசட் கெட்டுப்போச்சுன்னு சொல்லு. எல்லாருக்கும் நல்லது."

ஜூன் 16, ஞாயிறு

சரி, எழுதுகிறேன். இது என் டைரி. இங்கேயும் பொய் எழுதினால் அப்புறம் எங்கே உண்மை எழுதுவது?

ஆல்பத்தின் மாஸ்டர் சி.டி.யை பம்பாயில் இருந்த தொழிற்சாலைக்குக் கூரியரில் அனுப்பிய மறுநாள். மௌலி விட்டுப்போன கிட்டார் சுவரில் சாய்ந்திருந்தது. பாட்டை ஓடவிட்டுச் சும்மா ஒரு தந்தியைத் தட்டினேன், சேரவில்லை. முறுக்காணியைத் திருகிப் பார்த்தேன். பிறகு மெஷினைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு என்று சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது.

சி.டி. தொழிற்சாலையின் நம்பர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே மௌலி தங்கியிருந்த கவுஹாத்தி ஓட்டல் நம்பரும் இருந்தது. தொழிற்சாலைக்குப் பேசினால் எல்லாம் நின்றிருக்கும். வேகம் பார்க்கத் தெரியாத இன்ஜினியர் என்று கோடம்பாக்கம் முழுக்கப் பரவியிருக்கும். நான் ஓட்டலுக்குப் பேசினேன். மௌலி சிவகாசிக்குப் பேசி, கவர் அச்சாகும் முன்பே என் பெயரை எடுத்துவிட்டான்.

அந்தக் கவரை நிறுத்த முடிந்தது, சி.டி.யை நிறுத்த முடியாதா? இதை நான் எனக்கே இதுவரை கேட்டதில்லை.

ஜூன் 17, திங்கள்

வடபழனியில் ஒருவரிடம் அந்த மாதிரி மெஷின் இருக்கிறது. காலையில் போய் எடுத்து வந்தேன். ஜவுளிக்கடைக்காரர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினேன்.

மூன்றாவது பாட்டில் அவள் மேலே ஏறுகிற இடம் ஒன்று உண்டு. சி.டி.யில் அது முனகலாக இருக்கும். கேசட்டில் கேட்டேன். பதிந்தவன் நான்தான். ஆனாலும் மறந்துபோயிருந்தேன். அவ்வளவு லேசாக, சிரமமே இல்லாமல் ஏறி நிற்கிறாள். நான் கையைக் கன்சோலில் ஊன்றிக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

ஹெப்சிக்கு ஃபோன் செய்து, நாளைக்கு ஒரு மணி நேரம் வர முடியுமா என்று கேட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது பாட்டைப் போட்டேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நல்லாருக்கேண்ணா. மௌலி வேற பொண்ண வெச்சுப் பாட வெச்சுட்டாரா? அதுவே சரி. யாரு இது?"

"நீதாம்மா."

"வெளையாடாதீங்கண்ணா."

வேகத்தைக் குறைத்து அதே இடத்தைப் போட்டேன், பழைய முனகல் வந்தது. ஏற்றினேன், அவள் வந்தாள். மறுபடி குறைத்தேன். மறுபடி ஏற்றினேன். மூன்றாவது தடவை "போதும்ணா" என்றாள். துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மெஷின் தப்பா?"

"வேகத்த நான் தப்பா வெச்சிருக்கேன்மா."

"உங்களுக்கு எப்பண்ணா தெரிஞ்சுது?"

இதற்குத்தான் அவளை வரச் சொன்னேன். இதைச் சொல்லத்தான் மூன்று நாளாக வாக்கியம் கட்டி வைத்திருந்தேன்.

"நேத்து" என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகம் குடுக்கணும்ணா. நீங்க இல்லன்னா நான் தெரியாமலே செத்திருப்பேன்" என்றாள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து மறுபடி நன்றி சொன்னாள்.

ஜூன் 19, புதன்

எல்லாம் சுபம். ஹெப்சி நேராக மிருணாளினிக்கே ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டாள். மிருணாளினிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பக்கம் பழைய வேகம், மறு பக்கம் சரியான வேகம் என்று ரெக்கார்டு போடப்போகிறாராம். "இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு தவறைக் கண்டுபிடித்த ஒலிப்பதிவாளர்" என்று என்னைப் பற்றி உள்ளே ஒரு பக்கக் குறிப்பாம். ஹெப்சி கண்டிப்பாகச் சொன்னாளாம், இந்த முறை அண்ணன் பெயர் வர வேண்டும் என்று.

மௌலி மெசேஜ் அனுப்பினான்: 'கில்லாடிடா நீ. நான் வாயத் திறக்க மாட்டேன். எனக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்.'

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம். யார் சொன்னது? இரண்டு பேர் சேர்ந்தால் மறைக்கலாம். இனி யாருக்கும் தெரிய வழியே இல்லை. இரவு மூன்று தோசை சாப்பிட்டேன். பவானி, அசிடிட்டி போய்விட்டதா என்றாள்.

ஜூன் 20, வியாழன்

தோசை ஒத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து வாந்தி.

ஜூன் 21, வெள்ளி

மிருணாளினி மெஷினோடு வந்தார். கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "அந்த ஒரு பக்கத்தை நீங்களே எழுதிக் குடுங்க சார், ஞாயிற்றுக்கிழமைக்குள்ள" என்றார். சரி என்றேன்.

உட்கார்ந்து எழுதினேன். 'அண்மையில் கேசட்டுகளை மீண்டும் கேட்டபோதுதான்' என்று தொடங்கியது. 'போதுதான்' வரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை. ஹெப்சி பிடித்துக்கொண்ட கை.

ஜூன் 22, சனி

சாயங்காலம் ஹெப்சியின் சர்ச்சில் குயர் பயிற்சி என்று தெரியும். ஐந்து மணிக்கே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். முகமே வேறு மாதிரி இருந்தது.

"அண்ணா! இன்னிக்கு மாஸ்டர் கிட்ட கேட்டு மேல் குரலுக்கு மாறிட்டேன். கேக்கத்தான் வந்தீங்களா?"

"ஹெப்சி, அன்னிக்கு 'நேத்து'தான் தெரிஞ்சுதுன்னு சொன்னேனே, அது பொய்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"சி.டி. வர்றதுக்கு முன்னாடியே தெரியும். நிறுத்தியிருக்கலாம். ஒரு ஃபோன் பண்ணா போதும்."

"பண்ணலையா?"

"பண்ணேன். மௌலிக்கு. என் பேர எடுக்கச் சொல்லி."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. தரையில் கிடந்த வேப்பம்பழத்தைச் செருப்பு நுனியால் நசுக்கினாள். இன்னொன்றை நசுக்கினாள். உள்ளே கீபோர்டில் யாரோ சுருதி பார்க்கத் தொடங்கினார்கள்.

"இத அந்தப் பக்கத்துல எழுதுங்க. உங்க பேரப் போட்டு, இப்ப சொன்னத அப்டியே எழுதுங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

"எழுதறேன்மா."

"மௌலிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றாள். நான் திரும்பி நடக்கப் போனேன்.

"எங்க போறீங்க? உள்ள வாங்க."

கடைசி பெஞ்சைக் காட்டினாள். உட்கார்ந்தேன். அவள் முன்னால் போய் மேல் குரல் வரிசையில் நின்றாள். சுற்றிலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பெண்கள். மாஸ்டர் கை அசைத்தார். பாட்டு தொடங்கியது. உயரமான இடம் வந்தது. மற்ற பெண்கள் ஏறினார்கள். ஹெப்சியின் குரல் பாதியில் உடைந்து நின்றது. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பரவால்ல சிஸ்டர், கீழயே பாடுங்க" என்றார் மாஸ்டர், பரிவோடுதான்.

"இன்னொரு தடவ சார்."

இன்னொரு தடவையும் உடைந்தது. அதற்கு அடுத்த தடவை காற்று மட்டும் வந்தது. என்னால் முடியவில்லை. எழுந்தேன். பெஞ்ச் கிறீச்சிட்டது. அவள் அங்கிருந்தே, எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"உக்காருங்க. கேட்டுட்டுப் போங்க."

உட்கார்ந்தேன். அவள் மறுபடி பாடினாள்.